றிப்பர் ஆய்வுகளும் சான்றின் தகுதியும்

இலண்டன் வைற்சப்பல் பகுதியில் 1888ஆம் ஆண்டு பெண்கள் பலரைக் கொன்ற ‘ஜாக் த றிப்பர்’ யாரெனத் துணிவதற்கு ஆர்வலர்கள் எழுதிக் குவித்த நூல்கள் மிகப் பல. அவற்றுட் பெரும்பாலானவை ஆளை முதலிலே தெரிந்துகொண்டு சான்றைப் பின்னர் தேடுவன.

அவர்கள் பெரிதும் பற்றிநிற்பது, பொலிஸ் உயரதிகாரி மெல்வில் மக்நாட்டன் 1894இல் எழுதிய குறிப்பாகும். கொலையுண்டோர் ஐவரே என்னும் வரையறையும், ட்றூயிற், கொஸ்மின்ஸ்கி, ஒஸ்ற்றொக் என்னும் மூவர் மீதான ஐயமும் அதன்வழி நிலைபெற்றவையே. ஆயின் மக்நாட்டன் பொலிஸ் சேவையிற் சேர்ந்தது 1889இல். அக்கொலைகளை நேரில் விசாரித்தவரல்லர். வைத்தியரெனச் சொல்லப்படுபவர் என அவர் குறிக்கும் ட்றூயிற் உண்மையிற் சட்டத்தரணியும் பாடசாலை ஆசிரியருமாவார். ஒஸ்ற்றொக்கோ அக்காலத்திற் பிரான்சிலே காவலில் இருந்தமை பின்னர் வெளிப்பட்டது. இத்தகைய வழுக்கள் கொண்ட குறிப்பொன்றை மூலச்சான்றெனக் கொள்வது எங்ஙனம்?

விஞ்ஞானத்தின் துணையை நாடியோரும் இக்குறைக்கு விலக்கல்லர். ஓவியர் வோல்ற்றர் சிக்கேட்டே கொலைஞர் என 2002இல் வாதிட்ட நாவலாசிரியை பற்றீசியா கோண்வெல், றிப்பரின் பெயரால் வந்த கடிதங்களிற் செய்வித்த மரபணுச் சோதனையைச் சான்றாக்கினார். அக்கடிதங்களுட் பெரும்பாலானவை பிறர் விஷமமாக எழுதியவை என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. சோதனை முற்றும் சரியெனினும், சிக்கேட் கடிதம் எழுதினார் என்பதற்கு மேல் எதுவும் நிறுவப்படுவதில்லை. இறந்தோர் மறுத்துரைக்க இயலாமை இவ்வாதங்களுக்கு வாய்ப்பாகிவிட்டது.

கொலையுண்ட பெண்களின் வாழ்க்கையை ஆவணங்களிலிருந்து எழுதிய ஹலி றூபன்ஹோல்டின் நூல் (2019) கொலைஞன் யாரென்ற வினாவினுட் புகவேயில்லை. ஐவர் என்னும் எண் மட்டும் அந்நூலிலும் மக்நாட்டன் வரையறுத்ததே.