குளோரியா கேட்ட கேள்வி

உளவியல் படித்தவர்களிடம் "குளோரியா" என்று மட்டும் சொன்னால் போதும், எந்தப் படம் என்று தெரிந்துவிடும். 1964-ல் கலிஃபோர்னியாவில் எடுத்து 1965-ல் வெளியிட்ட பாடப் படம் அது. பெயர் "த்ரீ அப்ரோச்சஸ் டு சைக்கோதெரபி". தயாரித்தவர் எவரெட் ஷாஸ்ட்ரம் என்ற உளவியலாளர். ஏற்பாடு ரொம்ப எளிமை. ஒரே பெண், ஒரே நாள், மூன்று பிரபல தெரபிஸ்டுகள்: கார்ல் ரோஜர்ஸ், ஃபிரிட்ஸ் பேர்ல்ஸ், ஆல்பர்ட் எல்லிஸ். ஒவ்வொருவரும் முதலில் தன் முறையை விளக்குவார், பிறகு குளோரியாவோடு பேசுவார், கடைசியில் எப்படிப் போச்சு என்று கேமராவைப் பார்த்துச் சொல்வார்.

மூன்றில் எது சிறந்த முறை என்பதுதான் அறுபது வருஷமாக இந்தப் படத்தைச் சுற்றி நடக்கும் விவாதம். ரோஜர்ஸ் கட்சி, எல்லிஸ் கட்சி என்று பிரிந்து சண்டை போட நிறைய பேர் இருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. குளோரியா ஒரு கேள்வியோடு அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அந்தக் கேள்விக்கு என்ன ஆச்சு? அதைப் பின்தொடர்ந்தால் படம் வேறு மாதிரித் தெரிகிறது.

முதலில் கேள்வி. குளோரியாவுக்கு அப்போது வயது முப்பதை ஒட்டி. விவாகரத்து ஆனவர், குழந்தைகள் இருக்கிறார்கள். மீண்டும் ஆண்களோடு பழக ஆரம்பித்திருக்கிறார். மகள் பாமிக்கு ஒன்பது வயது. அப்பாவை விட்டு வந்த பிறகு வேறு யாரோடாவது உறவு வைத்துக்கொண்டாயா என்று அவள் ஒருநாள் நேராகவே கேட்டுவிடுகிறாள். இல்லை என்று குளோரியா பொய் சொல்கிறார். அந்தப் பொய் அவரை அரிக்கிறது. உண்மையைச் சொன்னால் குழந்தை மனசு பாதிக்குமா? சொல்லாவிட்டால் நம்பிக்கை போய்விடுமா? இதற்கு ஒரு பதில் வேண்டும். அவ்வளவுதான்.

ரோஜர்ஸ் பதில் சொல்லவில்லை. குளோரியா விடுவதாகவும் இல்லை. சுற்றிச் சுற்றி வந்து அதையே கேட்கிறார். ஒரு கட்டத்தில், பதில் தர முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இது உங்கள் வாழ்க்கைக்குள்ளேயே இருக்கிற விஷயம், நான் எப்படிச் சொல்ல முடியும் என்கிற அர்த்தத்தில் அவர் பேசுகிறார். முதல் தடவை பார்க்கும்போது இது நழுவல் மாதிரித்தான் இருக்கும். வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்களேன் ஐயா என்று நமக்கே தோன்றும்.

ஆனால் அந்த அரை மணி நேரத்தில் ஒன்று நடக்கிறது. "மகளுக்கு என்ன ஆகும்" என்று தொடங்கிய பேச்சு, "நான் செய்வதை நானே ஏற்றுக்கொள்கிறேனா" என்ற இடத்துக்கு மெல்ல நகர்கிறது. அங்கே தள்ளிக்கொண்டு போனது ரோஜர்ஸ் இல்லை, குளோரியாவேதான். அவர் சொன்னதை இன்னும் கொஞ்சம் தெளிவாக்கித் திருப்பித் தருவது மட்டும்தான் ரோஜர்ஸ் செய்கிற வேலை. தனக்கே சங்கடமாக இருக்கிற ஒன்றை மகளிடம் சங்கடமில்லாமல் சொல்ல முடியாது என்று குளோரியா தானாகக் கண்டுபிடிக்கிறார். இதே வாக்கியத்தை ரோஜர்ஸ் முதல் நிமிஷத்திலேயே சொல்லியிருந்தால் அது ஒரு உபதேசமாகப் போயிருக்கும், அவ்வளவுதான்.

கடைசியில் ஒரு புகழ்பெற்ற இடம். ரோஜர்ஸ் தன் அப்பாவாக இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்கிறார் குளோரியா. நீங்களும் நல்ல மகளாகத்தான் தெரிகிறீர்கள் என்கிற தோரணையில் அவர் பதில் சொல்கிறார். தெரபிஸ்ட் அப்பா வேஷம் போடக் கூடாது, அந்த ஏக்கத்தை ஆராய்ந்திருக்க வேண்டும் என்பது ஃபிராய்ட் வழிக்காரர்களின் விமர்சனம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால், நல்ல உறவு வேண்டும் என்று வருகிற ஒருவருக்கு, ஒரு நல்ல உறவு எப்படி இருக்கும் என்பதற்கு அரை மணி நேர மாதிரியாவது கிடைக்க வேண்டாமா? அந்த வாக்கியத்தை நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்தது பேர்ல்ஸ். கெஸ்டால்ட் முறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். இங்கே பாமியின் கதை பின்னால் போய்விடுகிறது. பயமாக இருக்கிறது என்கிறார் குளோரியா. பயம் என்று சொல்லிக்கொண்டே சிரிக்கிறீர்களே, போலி என்கிறார் பேர்ல்ஸ். காலை ஆட்டுகிறாரா, கையை என்ன செய்கிறார் என்று ஒவ்வொன்றையும் சுட்டிக் காட்டுகிறார். குளோரியாவுக்குக் கோபம் வருகிறது. எல்லாம் தெரிந்தவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்களே என்று சண்டைக்கே போகிறார்.

பேர்ல்ஸுக்கு வேண்டியதும் அதுதான். அதிகாரம் உள்ள ஒரு வயதான ஆணிடம், மன்னிப்புக் கேட்காமல் ஒரு பெண் நேருக்கு நேர் கோபப்படுவது 1964-ல் சாதாரண விஷயம் இல்லை. அதற்கு ஒரு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு ஏன் வருகிறது என்று அவர் கேட்கவே இல்லை. பயப்படும்போது சிரித்து வைப்பது பல பெண்கள் சின்ன வயதிலேயே கற்றுக்கொள்கிற தற்காப்பு. எதிரில் இருப்பவர் கோபப்படாமல் இருப்பதற்கான ஏற்பாடு. அதற்குப் "போலி" என்று பெயர் வைத்துவிட்டால், அவர் அதை ஏன் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்ற விஷயமே காணாமல் போய்விடுகிறது.

மூன்றாவது எல்லிஸ். குளோரியா அவர் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டே வந்திருக்கிறார். 1963-ல் வந்த அந்தப் புத்தகத்தின் தலைப்பைத் தமிழில் சொன்னால் "புத்திசாலிப் பெண்ணுக்கான ஆண்-வேட்டைக் கையேடு". தலைப்பைப் பார்த்தே ஆளைப் புரிந்துகொள்ளலாம். தனக்குப் பிடித்த மாதிரி ஆண்களிடம் இயல்பாக இருக்க முடியவில்லை, வேறு யாரோ மாதிரி நடந்துகொள்கிறேன் என்பது இங்கே குளோரியா சொல்கிற பிரச்சினை. எல்லிஸ் உடனே பிடித்துக்கொள்கிறார். ஒருவர் நிராகரித்தால் அது ஏமாற்றம்தான், பேரழிவு இல்லை. "எனக்கு யாருமே கிடைக்க மாட்டார்கள், நான் லாயக்கில்லாதவள்" என்று நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொள்கிற வாக்கியம்தான் பயத்தை உண்டாக்குகிறது. அதை மாற்றுங்கள், வெளியே போய் ரிஸ்க் எடுத்துப் பேசிப் பழகுங்கள் என்று ஹோம்வொர்க்கும் தருகிறார்.

மூவரில் கையில் எடுத்துக்கொண்டு போகிற மாதிரி ஏதாவது தந்தவர் எல்லிஸ்தான். இன்று பரவலாக இருக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவர் அவர். ஆனால் அந்தப் பேட்டியில் பெரும்பகுதி பேசுவதும் அவர்தான். குளோரியா இரண்டு வார்த்தை சொன்னால் எல்லிஸ் இருபது சொல்கிறார். தன் குரல் தனக்கே கேட்க மாட்டேன் என்கிறது என்று வந்தவரிடம் இப்படியா?

நாள் முடிவில் ஷாஸ்ட்ரம் குளோரியாவிடம் அபிப்பிராயம் கேட்கிறார். இப்போதைய நிலையில் தனக்கு அதிகம் உதவக் கூடியவர் பேர்ல்ஸ் என்கிற மாதிரி சொல்கிறார். படம் அங்கே முடிந்துவிடுகிறது. பார்ப்பவர்கள் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள்.

படம் முடிந்த பிறகு நடந்தது வேறு. பேர்ல்ஸ் மேல் கோபம் பின்னால் வளர்ந்தது. படப்பிடிப்பு நாளில் கேமராவுக்கு வெளியே நடந்ததாகக் குளோரியா எழுதிவைத்த ஒரு சம்பவம் அவர் இறந்த பிறகு அச்சில் வந்தது. பேர்ல்ஸ் சைகை காட்ட, இவர் என்ன ஏது என்று புரியாமல் உள்ளங்கையைக் குவித்து நீட்டியிருக்கிறார். அவர் அதில் சிகரெட் சாம்பலைத் தட்டியிருக்கிறார். போலி என்று திட்டியதைவிட எனக்கு உறைத்தது இதுதான். கோபப்படக் கற்றுக்கொடுத்ததாகச் சொல்லப்படும் அந்தப் பேட்டி நடந்த அதே நாளில், அவர் சொன்னபடி கையை நீட்டவும் செய்திருக்கிறார். அப்படியென்றால் என்னதான் மாறியது?

ரோஜர்ஸோடு தொடர்பு வேறு மாதிரி நீடித்தது. சுமார் ஓராண்டு கழித்து ஒரு கூட்டத்தில் சந்தித்தார்கள். ரோஜர்ஸையும் அவர் மனைவி ஹெலனையும் மனதளவில் பெற்றோராக நினைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார் குளோரியா. அவர்களும் சரி என்றார்கள். 1979-ல் ரத்தப் புற்றுநோயால் இறக்கும்வரை கடிதப் போக்குவரத்து இருந்தது. ரோஜர்ஸ் 1984-ல் இதைப் பற்றி ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். அன்று மாலை சொன்ன தீர்ப்பு ஒன்று, பதினைந்து வருஷம் வாழ்ந்து காட்டிய தீர்ப்பு இன்னொன்று.

இங்கே சாஃப்ட்வேர்க்காரன் புத்தி குறுக்கிடுகிறது. இது ஒப்பீட்டுச் சோதனையே கிடையாது, டெமோ. மூன்று நிறுவனங்கள் ஒரே நாளில் தங்கள் சரக்கைக் காட்டுகின்றன. முதலில் வருபவருக்குப் புது ஆள் கிடைக்கிறார், கடைசியில் வருபவருக்குக் களைத்துப்போன ஆள். சுற்றிலும் விளக்கு, கேமரா. அதோடு ஷாஸ்ட்ரம் குளோரியாவின் சொந்த தெரபிஸ்ட். அவர் கேட்டு இவர் முடியாது என்று சொல்லியிருப்பாரா? பாடத்துக்கு என்று எடுத்த படம் பிற்பாடு வகுப்பறையைத் தாண்டிப் பொதுப் பார்வைக்கும் போனது. மகளிடம் சொல்லலாமா வேண்டாமா என்று தவித்த அந்த ரகசியம் இன்று உலகம் முழுக்க உளவியல் மாணவர்களுக்குத் தெரியும். மகள் பமேலா 2008-ல் "லிவிங் வித் தி குளோரியா ஃபிலிம்ஸ்" என்ற புத்தகமே எழுதினார். அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்ல மூன்று பேர் உட்கார்ந்தார்கள். பதிலை முடிவு செய்ததோ கேமரா.

இன்னொரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. மூவருக்கும் பிரச்சினை குளோரியாவுக்குள்ளேதான் இருக்கிறது. ஒருவருக்கு அது சுய ஏற்பு, ஒருவருக்கு முகமூடி, ஒருவருக்குத் தப்பான நம்பிக்கை. வெளியே என்ன இருந்தது? அன்றைய கலிஃபோர்னியாவில் விவாகரத்துக்கு யார் மேலாவது குற்றம் காட்ட வேண்டும். குற்றம் காட்டாமல் பிரியும் சட்டத்தில் ஆளுநர் ரீகன் கையெழுத்துப் போட்டது 1969-ல், நடைமுறைக்கு வந்தது 1970-ல். பிள்ளைகள் யாரிடம் வளர்வது என்ற வழக்குகளில் தாயின் 'ஒழுக்கம்' அலசப்பட்ட காலம் அது. அப்படி ஒரு ஊரில் விவாகரத்தான அம்மா மகளிடம் பொய் சொன்னால், அதைக் குற்ற உணர்ச்சி என்று மட்டும் பார்ப்பது பாதிப் படம். அது ஜாக்கிரதையாகவும் இருக்கலாம். அந்தப் பக்கம் பேச்சு போகவே இல்லை. எடுத்தவர் உட்பட நான்கு பேரும் ஆண்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதை மாற்றிப் பேசியவர்களில் ஒருவர் ஜீன் பேக்கர் மில்லர். 1976-ல் வந்த "டுவர்ட் எ நியூ சைக்காலஜி ஆஃப் விமன்" நூலில், உறவுகளைப் பேணிக் காக்கும் பெண்களின் இயல்பை இதுவரை பலவீனம் என்றே எழுதிவந்திருக்கிறோம், அது பலம் என்று வாதாடினார். எந்த அதிகார நிலையில் இருந்துகொண்டு ஒருவர் உறவைப் பேணுகிறார் என்பதையும் சேர்த்துக் கேட்டார். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைத் திரும்பப் பார்த்தால், குளோரியாவின் கவலையில் நோயைவிட அக்கறைதான் அதிகம் தெரிகிறது.

அப்போ தனிநபர் தெரபியே வேண்டாமா? அப்படிச் சொல்ல வரவில்லை. எட்வர்ட் போர்டின் 1979-ல் ஒரு நல்ல அளவுகோல் கொடுத்தார். எந்த முறையானாலும் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: எங்கே போகிறோம் என்பதில் இருவருக்கும் உடன்பாடு, அதற்கு என்ன செய்கிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் நடுவே ஒரு பிணைப்பு. ரோஜர்ஸிடம் பிணைப்பு இருக்கிறது, ஆனால் என்ன செய்கிறோம் என்பதில் குளோரியாவுக்குக் கடைசிவரை சந்தேகம். எல்லிஸிடம் வேலை தெளிவு, பிணைப்பு குறைவு. பேர்ல்ஸ் எங்கே போகிறார் என்று குளோரியாவிடம் கேட்கவே இல்லை.

நல்ல உறவுக்காக தெரபி தேடுகிற பெண்ணுக்கு இந்தப் படத்தால் உபயோகம் இருக்கிறது. எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்பதற்காக அல்ல. நாலைந்து தடவை போன பிறகு தன்னையே கேட்டுக்கொள்ள: நான் கொண்டுவந்த கேள்வி இன்னும் மேஜை மேல் இருக்கிறதா, அவருடைய கேள்வியாக மாறிவிட்டதா? எனக்கு இது ஒத்துவரவில்லை என்று அவரிடமே சொல்ல முடிகிறதா, சொன்னால் அதையும் என் வியாதிக் கணக்கில் எழுதிவிடுகிறாரா? என் வீடு, சம்பளம், சட்டம், சுற்றியிருக்கும் ஆட்கள் இதெல்லாம் பேச்சில் வருகிறதா? அந்த அறையில் "முடியாது" என்று சொல்ல வந்துவிட்டால், வீட்டிலும் ஒருநாள் வரும். அங்கேயே வரவில்லை என்றால் ஆளை மாற்றுவதில் தப்பே இல்லை.