கண் ஸ்லைடில், கணக்கு விரலில்

ரத்தப் பரிசோதனையில் டி.சி. (டிஃபரன்ஷியல் கவுண்ட்) பார்ப்பது பொறுமையான வேலை. சாயமேற்றிய ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பின் ஆயில் லென்ஸுக்கு அடியில் நகர்த்தியபடி, கண்ணில் படும் வெள்ளையணுக்களை நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட், மோனோசைட், ஈசினோஃபில், பேசோஃபில் என்று பிரித்து, மொத்தம் 100 ஆகும்வரை எண்ண வேண்டும். இதற்கான பட்டன் கவுண்ட்டரை ஆர்டுயினோ புரோ மைக்ரோ போர்டை வைத்து நாமே செய்துவிடலாம். அதிலுள்ள ஏ.டி.மெகா 32யு4 சிப் நேரடியாக யு.எஸ்.பி. பேசுவதால், கம்ப்யூட்டர் அந்தப் பெட்டியை ஒரு கீபோர்டாகவே எடுத்துக்கொள்ளும். சுவிட்சின் ஒரு காலைப் போர்டின் பின்னுக்கும் மறுகாலைக் கிரவுண்டுக்கும் கொடுத்து, சிப்புக்குள்ளேயே இருக்கும் புல்-அப் ரெசிஸ்டரை இயக்கினால் வயரிங் முடிந்தது. ஆனால் அதன் எண்ணை நம்பி ரிப்போர்ட் எழுத, இது மட்டும் போதாது.

முதல் சிக்கல் சுவிட்சுக்குள் இருக்கிறது. அழுத்தும்போது உள்ளிருக்கும் உலோகத் தகடுகள் ஒரே தடவையில் ஒட்டிக்கொள்வதில்லை. சில மில்லி செகண்டுகள் துள்ளித் துள்ளித்தான் அடங்கும். சிப் அந்தத் துள்ளல்களையும் தனித்தனி அழுத்தங்களாக எண்ணிவிடும். நியூட்ரோஃபில் 60 என்பது 61 ஆனால் பெரிய பாதகமில்லை. பேசோஃபில் 1 என்பது 2 ஆனால் அது இரட்டிப்பு. அதனால் ஒவ்வொரு பட்டனிலும் ஒரு மாற்றத்தை ஏற்றபின் 30 மில்லி செகண்டுக்கு வேறு எதையும் ஏற்காதபடி புரோகிராம் எழுத வேண்டும். விரலை எடுக்கும்போதும் தகடு துள்ளும் என்பதால், இந்தத் தடை இரு பக்கமும் வேண்டும். விநாடிக்கு பத்து முறை தட்டினாலும் இடைவெளி 100 மில்லி செகண்ட். ஆகவே உண்மையான அழுத்தம் எதுவும் விட்டுப்போகாது.

நூறு அணுக்களை எண்ணுவதே தோராயம்தானே, அதில் ஒரு பிழை என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நூற்றில் 5 ஈசினோஃபில் வந்தால், உண்மை அளவு சுமார் 2-இலிருந்து 11 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம். ஆனால் அந்தத் தற்செயல் பிழை இரு பக்கமும் சாயும்; 200 அணுக்களை எண்ணினால் குறையும். துள்ளும் பட்டனோ எப்போதும் கூட்டியே காட்டும். எத்தனை எண்ணினாலும் அதே விகிதத்தில் கூடவே வரும். போன் ஆப் இருக்க இதெல்லாம் எதற்கு என்பது அடுத்த ஆட்சேபம். கண்ணாடித் திரையில் விரலுக்கு அடையாளம் ஏதும் தட்டுப்படாது. ஒவ்வொரு தட்டலுக்கும் கண் லென்ஸை விட்டு இறங்க வேண்டும், திரும்பும்போது எந்த அணுவரை எண்ணினோம் என்பது தப்பிவிடும். பட்டன் பெட்டியில் நடுப் பட்டன்மேல் அரிசி அளவு பசைப்புள்ளி ஒன்று வைத்தால் போதும், விரல் தன் இடத்தைத் தானே கண்டுகொள்ளும்.

வெறும் கீபோர்டாக விடுவதில் ஒரு குறை உண்டு: கர்சர் வேறு ஜன்னலில் இருந்தால் எண்ணிக்கை அங்கே போய்க் கொட்டும். எனவே கணக்கைப் பெட்டியே வைத்திருக்கட்டும். சின்ன டிஸ்ப்ளேயும், நூறானதும் ஒலிக்கும் பஸ்ஸரும், கடைசி அழுத்தத்தைத் திரும்பப் பெற ஆறாவதாக ஒரு பட்டனும் அவசியம். இவ்வளவும் செய்தபின் ஒவ்வொரு பட்டனையும் 200 முறை அழுத்திப் பாருங்கள். டிஸ்ப்ளேயில் 201 வந்தால், நோயாளியின் ஸ்லைடை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.