கணினி விஞ்ஞானக் கல்வியும் தமிழும்: ஒரு விமர்சன நோக்கு

உயர்தரப் பரீட்சையில் சித்தியெய்தும் எம் பிரதேச மாணவர் பலரும் அவர்தம் பெற்றோரும் கணினி விஞ்ஞானப் பட்டத்தை உத்தியோகத்துக்கான அனுமதிச் சீட்டாகவே நோக்குகின்றனர். அதனைக் குறைகூறுவதற்கில்லை. வயலையும் கடலையும் சிறு வியாபாரத்தையும் நம்பிய குடும்பங்களிலிருந்து வருவோர்க்குத் தொழில் முதற்றேவையாகும். ஆயினும் 1936 இல் அலன் ரியூரிங் தமது புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையை எழுதியபோது, இன்று நாம் அறிந்த கணினி எதுவும் இருக்கவில்லை என்பது மனங்கொள்ளத் தக்கது. எதனைப் படிமுறையாகக் கணிக்க இயலும், எதனைக் கணிக்க இயலாது என்னும் வினாவே அவர்முன் இருந்தது. கருவி பின்னர் வந்தது, சிந்தனை முந்தியது. அச்சிந்தனையைத் தம் மொழியில் நிகழ்த்தவல்ல ஒரு மாணவர் சமூகம் எம்மிடையே உருவாகியுள்ளதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

எமது பல்கலைக்கழகத்தின் அமைப்பே இவ்வினாவின் கூர்மையைப் புலப்படுத்தும். யுத்த காலத்தின் நெருக்கடிகளிடையே, எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால் 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1996 இல் முழுமையான பல்கலைக்கழகமாக உயர்ந்தது தென்கிழக்குப் பல்கலைக்கழகம். கலை கலாசார பீடம் ஒலுவிலில் உள்ளது. கணினி விஞ்ஞானம் கற்பிக்கப்படும் பிரயோக விஞ்ஞான பீடமோ சம்மாந்துறையில் உள்ளது. இரண்டுக்கும் இடைப்பட்ட தரைவழித் தூரம் பெரிதன்று. மொழிவழித் தூரம் பெரிது. பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலைத் தமிழில் கற்று, தரவு, மாறி, வலையமைப்பு, பணிசெயல் முறைமை முதலான சொற்களைக் கையாண்டு பழகிய மாணவன், விஞ்ஞான பீடத்தின் வாயிலில் அவற்றை இறக்கி வைத்துவிட்டு ஆங்கிலத்துள் நுழைகிறான். பட்டம் பெற்று வெளியேறும்போது அவற்றை மீண்டும் எடுப்பார் அரிது.

இந்நிலை குறித்து இரு சாரார் இருவேறு விதமாகப் பேசுவர். நவீன விஞ்ஞானத்தைத் தாங்கும் வலிமை தமிழுக்கு இல்லை என்பர் ஒரு சாரார். இக்கூற்றுக்கு ஈழத்து வரலாறே விடை பகரும். 1847 இல் இலங்கை வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் 1860களில் மேலை மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். 'மனுஷ அங்காதிபாதம்', 'இரண வைத்தியம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்கள் அம்முயற்சியின் விளைவுகள்.

மற்றைய சாரார், கலைச்சொற்களை ஆக்கிவிட்டால் காரியம் முடிந்தது என்பர். கணினியா, கணனியா, கணிப்பொறியா என்ற வாதத்திற் கழிந்த காலம் சிறிதன்று. இவர்கள் கிறீனிடம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. வேதியியலுக்கு நல்ல தமிழ்ப் பெயர் கிடைக்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. அந்நியப் பெயரைத் தமிழ் ஓசைக்கு இசைவித்துக் 'கெமிஸ்தம்' என்று பெயரிட்டு நூலை வெளிக்கொணர்ந்தார். எம்மிடம் இன்று சொற்கள் உண்டு. அச்சொற்களைக் கொண்டு வாதிட்டு விளக்கும் உரைநடை போதியளவு இல்லை. சொற்பட்டியல் நெல்லைப் போன்றது; அது சோறாவதற்கு உலை வேண்டும்.

இக்குறையால் நேரும் இழப்பு யாது என வினவலாம். ஓர் எளிய உதாரணத்தை நோக்குவோம். 'ஒலுவில்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் உள? ஒ, லு, வி, ல் என நான்கு எனத் தமிழ் கற்ற சிறுவனும் கூறுவான். அதே சொல்லை யுனிகோட்டில் எழுதி, அதன் நீளத்தைக் கூறுமாறு பைதன் மொழியிற் பணித்தால் ஏழு என்று விடை வரும். உகரக் குறி, இகரக் குறி, புள்ளி ஆகிய மூன்றும் தனித்தனி இடம் பெற்றிருத்தலே காரணம். சொல்லைத் தலைகீழாகத் திருப்புமாறு பணித்தால், புள்ளி தன் மெய்யைப் பிரிந்து முதலில் வந்து நிற்கும்.

இதனை வெறும் பிழை எனத் தள்ளிவிட முடியாது. 1988 இல் இந்திய எழுத்துகளுக்கென வகுக்கப்பட்ட குறிமுறையை அடியொற்றி, 1991 இல் வெளிவந்த யுனிகோட் தமிழுக்கு இடம் ஒதுக்கியது. அதன்படி 'ல' என்பது ஓரிடம். 'ல்' என்பது ஈரிடம். தமிழ் இலக்கணமோ மெய்யை அடிப்படையாகக் கொண்டு, அதன்மேல் உயிர் ஏறி உயிர்மெய் பிறக்கும் எனக் கூறும். முன்னையது எழுதும் வடிவை நோக்கியது. பின்னையது ஒலியை நோக்கியது. எழுத்தொன்றுக்கு ஓரிடம் வழங்கும் அனைத்தெழுத்துக் குறிமுறை ஒன்றையும் தமிழ்நாடு அரசு 2010 இல் யுனிகோட்டுடன் சேர்த்து ஏற்றமைக்குப் பின்னணியும் இவ்வேறுபாடே.

இப்பிரச்சினையின் ஒரு பாதியை ஒலுவில் மாணவன் அறிவான். மறுபாதியைச் சம்மாந்துறை மாணவன் அறிவான். எழுத்து நான்கென அறிந்தவனுக்குப் பொறி ஏழென்பதன் காரணம் தெரியாது. காரணம் தெரிந்தவனுக்கோ அது வினவத்தக்க ஒன்றாகவே தோன்றுவதில்லை. அவனுடைய பாடநூலின் உதாரணங்கள் ஆங்கிலச் சொற்களாகவே அமைந்துள்ளன. புணர்ச்சி விதிகளின் நிலையும் இதுவே. வல்லினம் மிகும் இடமும் மிகா இடமும் நிபந்தனைகளாக வகுத்து உரைக்கத்தக்கவை. அவற்றைப் படிமுறையாக்கினாலன்றி நம்பத்தக்க தமிழ்ப் பிழைதிருத்தி அமையாது. தமிழ்ச் சிறப்புக்கலை மாணவனும் கணினி விஞ்ஞான மாணவனும் கூடி ஓர் இறுதியாண்டு ஆய்வைச் செய்வதற்கு இதனினும் பொருத்தமான விடயம் வேறெது?

ஆங்கிலத்தைத் துறக்க வேண்டும் என்பது எமது வாதமன்று. இத்துறையின் ஆய்வுகளும் நூல்களும் பெரும்பாலும் அம்மொழியிலேயே வெளிவருகின்றன. அதனைக் கற்காதவன் பின்தங்குவான். ஆனால் ஆங்கிலத்திற் கற்றதைத் தமிழில் விளக்க இயலாதவனின் கல்வி, அவன் பிறந்த ஊரில் ஊமையாகிறது. கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ பாடசாலை ஆசிரியராகச் செல்லும் பட்டதாரி தமிழிலேயே கற்பிக்க வேண்டியவர். அவருக்குச் சொல்லைத் தருவதோடு எம் கடமை தீராது, விளக்கத்தையும் தரவேண்டும்.

இதற்கெனப் பெருநிதியோ புதிய கட்டடமோ தேவையில்லை. இத்தகைய ஆண்டிதழ்களிற் கணினி விஞ்ஞான மாணவர் தம் பாடப்பொருள் ஒன்றைத் தமிழில் விளக்கி எழுதட்டும். கலைப்பீட மாணவர் அதனை வாசித்து, விளங்காத இடத்தை விளங்கவில்லை என்று கூறட்டும். கிறீன் தொடங்கிய பணி மருத்துவத்தோடு நின்றுபோகாது கணினிக்கும் நீள வேண்டுமாயின், அது இவ்விரு பீடத்தாரின் உரையாடலிலிருந்தே தொடங்குதல் கூடும்.