கோணல் கோலமும் ஒரு அட்டைப்பெட்டியும்

இந்த வாரம் புத்தக விமரிசனம் இல்லை. ஒரு அட்டைப்பெட்டி விமரிசனம். கிண்டல் என்று நினைக்காதீர்கள். நம் ஊரில் நாவல் வாங்குகிறவர்களைவிட மாத்திரை டப்பா வாங்குகிறவர்கள் பல மடங்கு அதிகம். நாவலில் நாலு பக்கத்துக்கு ஒரு தடவை சந்தேகம் வரும். டப்பாவில் எழுதியிருப்பதை மட்டும் அப்படியே நம்பிவிடுகிறோம்.

பெட்டி என் அக்காவுடையது. வயசு 72. தினம் காலையில் வாசலில் கம்பிக் கோலம் போடுகிறவள். ஒரு நாள், "கோடு நெளியறதுடா, கை நடுங்கறது போலிருக்கு" என்றாள். கை நடுங்கவில்லை. மெடிக்கல் ஷாப்பில் விஷயத்தைச் சொன்னதும், கவுண்டரில் இருந்த தம்பி, "கண்ணுக்கு நல்லதும்மா, லூட்டின் இருக்கு" என்று இதை எடுத்துக் கொடுத்திருக்கிறான். எட்டு மாசம், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தினம் ஒன்று. நானும் 'வைட்டமின்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்' என்று சும்மா இருந்தேன். அதில் எனக்கும் பங்கு உண்டு என்பதால்தான் இந்த விமரிசனம்.

முதலில் அட்டைப்படம். ஒரு நீலக் கண். நம் தெருவில் யாருக்கும் இல்லாத கண். பின்பக்கம் மூன்று விஷயங்கள் சொல்கிறார்கள். ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸிலிருந்து விழித்திரைக்குப் பாதுகாப்பு. மருத்துவ ஆய்வுகளில் நிரூபணம். முழுக்க முழுக்க இயற்கையான சத்து. அடியில் எறும்பு சைஸில் நாலாவதாக ஒன்று. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதல் வாக்கியம் பொய்யில்லை. வாழைப்பூவை நறுக்கினால் கொஞ்ச நேரத்தில் கறுத்துப்போகும், உடனே மோர்த் தண்ணீரில் போடுவார்களே, அங்கே நடப்பது ஆக்ஸிஜனோடு சண்டை. கண்ணிலும் கிட்டத்தட்ட அதே கதை. விழித்திரை உடம்பிலேயே மிக அதிகமாக ஆக்ஸிஜனை எரிக்கும் திசுக்களில் ஒன்று. நாள் பூரா வெளிச்சம் வேறு விழுகிறது. அதன் செல் சவ்வுகளில் இருக்கும் கொழுப்பு சுலபமாகக் கெட்டுப்போகிற வகை. சேதம் வருஷக்கணக்கில் சேர்ந்து, நடுப் பார்வைக்கான மாக்குலா என்ற சின்னப் புள்ளியைக் கெடுக்கிறது. படிக்க, முகம் பார்க்க, கோலம் போட எல்லாம் அந்தப் புள்ளிதான். வயதானால் வரும் இந்தச் சிதைவை டாக்டர்கள் சுருக்கமாக ஏ.எம்.டி. என்பார்கள்.

சரி, கெடுப்பது ஆக்ஸிஜன் என்றால் ஆன்ட்டி ஆக்ஸிடன்ட் விழுங்கினால் சரியாகிவிடுமா? சமையலறை லாஜிக் அப்படித்தான் சொல்கிறது. உடம்பு சமையலறை இல்லை.

இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம். நிரூபணமான ஆய்வு நிஜமாகவே உண்டு. அமெரிக்காவின் தேசிய கண் நிறுவனம் நடத்திய ஏரெட்ஸ். 2001-ல் முடிவு வந்தது. வைட்டமின் சி 500 மில்லிகிராம், வைட்டமின் ஈ 400 யூனிட், பீட்டா கரோட்டின் 15 மில்லிகிராம், துத்தநாகம் 80 மில்லிகிராம். அத்தனை துத்தநாகம் உடம்பில் தாமிரத்தைக் குறைத்துவிடும் என்பதால் 2 மில்லிகிராம் தாமிரம். நோய் முற்றும் அபாயத்தில் இருந்தவர்களில், டம்மி மாத்திரை சாப்பிட்ட 100 பேரில் 28 பேருக்கு ஐந்து வருஷத்தில் முற்றியது. முழுக் கலவையும் சாப்பிட்டவர்களில் 20 பேருக்கு. அதாவது 100-க்கு 8 பேர் தப்பித்தார்கள். சின்ன விஷயமில்லை. இதைக் கேலி செய்ய மாட்டேன்.

ஆனால் அந்த 'அபாயத்தில் இருந்தவர்கள்' யார் என்பதைப் பெட்டி விழுங்கிவிட்டது. நோய் நடுக்கட்டத்துக்கு வந்தவர்கள், அல்லது ஒரு கண்ணில் ஏற்கெனவே முற்றிப்போனவர்கள். நோயே இல்லாதவர்களுக்கும் ஆரம்பக்கட்டத்தில் இருந்தவர்களுக்கும் பயன் தெரியவில்லை. போன பார்வை யாருக்கும் திரும்பவில்லை. கண்புரையை அது தடுக்கவும் இல்லை.

புரை என்றதும் ஞாபகம் வருகிறது. அமெரிக்காக்காரனுக்குச் சத்து ஏற்கெனவே ஜாஸ்தி, நம்மவர்களுக்குக் கொடுத்தால் பலன் தெரியும் என்று வாதிடலாம். அதையும் பார்த்துவிட்டார்கள். மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் 35-லிருந்து 50 வயது வரை 798 பேருக்கு ஐந்து வருஷம் ஆன்ட்டி ஆக்ஸிடன்ட்டும் டம்மியும் பிரித்துக் கொடுத்து வருஷாவருஷம் கண்ணைப் பார்த்தார்கள். 2006-ல் முடிவு வெளியானது. புரை இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் வளர்ந்தது.

அக்கா பெட்டியில் எழுதியிருந்த அளவுகளை ஏரெட்ஸ் அளவோடு ஒப்பிட்டேன். சி 40 மில்லிகிராம். துத்தநாகம் 10. ஆய்வு ஒரு மாத்திரைக்கு, விற்பனை இன்னொரு மாத்திரைக்கு. கல்யாணப் பத்திரிகையில் ஒரு நாதஸ்வர வித்வான் பேரைப் போட்டுவிட்டு, மேடையில் டேப் ரிக்கார்டரை வைத்த மாதிரி.

மூன்றாவது வாக்கியம், இயற்கை. காரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினைவிட இயற்கையானது என்ன இருக்க முடியும்? ஃபின்லாந்தில் சிகரெட் பிடிக்கும் 29,000 ஆண்களை வைத்து ஒரு ஆய்வு. 1994-ல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். குறையும் என்று எதிர்பார்த்துத்தான் கொடுத்தார்கள். அமெரிக்காவில் இதே மாதிரி நடந்த இன்னொரு ஆய்வை 1996-ல் பாதியிலேயே நிறுத்தவேண்டி வந்தது. அதனால்தான் ஏரெட்ஸ் இரண்டாம் ஆய்வில், பீட்டா கரோட்டினுக்குப் பதில் லூட்டினும் ஸியாஸாந்தினும் போட்டுப் பார்த்தார்கள். 2013-ல் முடிவு. கண்ணுக்குப் பலன் குறையவில்லை, நுரையீரலுக்கும் வம்பில்லை. கூடவே சோதித்த மீன் எண்ணெய் கூடுதலாக எதுவும் செய்யவில்லை. காரட்டைத் தூக்கிப் போடாதீர்கள், பொரியல் ஒன்றும் செய்யாது. மாத்திரையில் அடைத்த அளவும் கூடவே சிகரெட்டும்தான் வில்லன். ஏ.எம்.டி.க்கும் நம் கையில் இருக்கிற காரணங்களில் முதலாவது சிகரெட்தான். இதை எந்தப் பெட்டியும் போடுவதில்லை.

அக்கா கதைக்கு வருகிறேன். கடைசியில் தீபாவளிக்கு வந்த என் பெண்தான் பிடிவாதமாகக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனாள். இடது கண்ணில் விழித்திரைக்கு அடியில் ரத்தக்குழாய் முளைத்து, கசிந்து, தழும்பாகிவிட்டது. ஈரவகை ஏ.எம்.டி. கசிவை நிறுத்த கண்ணுக்குள் போடும் ஊசி 2000-களின் மத்தியிலிருந்தே இருக்கிறது. சீக்கிரம் போட்டால் நல்ல பலன். தழும்பு விழுந்த பிறகு போட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. "கோடு நெளிஞ்ச அன்னிக்கே வந்திருக்கலாமேம்மா" என்றார் டாக்டரம்மா. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அப்புறம் ஒன்று செய்தார். வலது கண்ணைக் காப்பாற்ற சீட்டில் ஒரு மாத்திரை எழுதினார். வாங்கிப் பார்த்தால், லூட்டின், துத்தநாகம், சி, ஈ. அதே குடும்பம், ஆனால் ஆய்வில் சொன்ன அளவில்! அக்கா என்னைப் பார்த்தாள். "இதைத்தானேடா நானும் சாப்பிட்டேன்?" அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். இல்லை அக்கா. இது யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று கண்ணைப் பார்த்துவிட்டுக் கொடுத்தது. அது கண்ணைப் பார்க்காமலே கொடுத்தது.

எறும்பு எழுத்து பாக்கி இருக்கிறதே. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல.' மொத்தப் பெட்டியிலும் எழுத்துக்கு எழுத்து உண்மையான வாக்கியம் அதுதான். கண் தெரியாதவர்களுக்கு விற்கும் பெட்டியில் அதைத்தான் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

இந்த விமரிசனம் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். காசு வேண்டாம். கண்ணாடி போடுகிறவர்கள் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பாருங்கள். பிறகு மற்றக் கண். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும், அதனால் தனித்தனியாக. கம்பி வளைந்தால், நடுவில் திட்டாக மறைந்தால், மெடிக்கல் ஷாப் பக்கம் போகாதீர்கள். அந்த வாரமே கண் டாக்டர். வீட்டில் அம்மா, மாமியார், அக்கா இருந்தால் அவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அக்கா இப்போதும் கோலம் போடுகிறாள். புள்ளிக் கோலம் மட்டும்.