உமி நிறமும் ஒரு மார்க்கர்தான்

பயிர் ரகங்களைப் பற்றி எழுதுறவங்க இப்போ அடிக்கடி வைக்கிற வாதம்: கண்ணால் பார்த்து ரகம் சொல்றது பழைய காலத்து வேலை, இனி டிஎன்ஏ மார்க்கர்தான். பாதி சரி. மீதிப் பாதிதான் எனக்கு உறுத்துது.

சரியான பாதியை முதல்ல ஒத்துக்கறேன். இந்தியாவில் நெல் ரகத்தைப் பதிவு செய்ய இலையுறை நிறம், சூல்முடி நிறம், மணியின் நீள அகலம் என்று 62 பண்புகளைப் பார்க்கிறார்கள். இதில் செடியின் உயரம் உரத்தோடு மாறும், பூக்கும் நாள் பட்டத்தோடு மாறும். நாற்றங்காலில் பாதிப் பண்புகள் வெளியே தெரியவே தெரியாது. மார்க்கருக்கு ஒரு துண்டு இலை போதும்.

ஆனா ஸ்வர்ணாவையும் 2009இல் வெளியான ஸ்வர்ணா சப்-1ஐயும் எடுத்துக்குங்க. இரண்டு வாரம் வரை வெள்ளத்தில் மூழ்கினாலும் தாங்கும் ஜீனை மட்டும் ஸ்வர்ணாவுக்குள் கொண்டுவந்து, திரும்பத் திரும்ப ஸ்வர்ணாவோடவே ஒட்டிச் சேர்த்த ரகம். குரோமோசோம்களில் அங்கங்கே சிதறிய எஸ்எஸ்ஆர் மார்க்கர்களை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். உமியைப் பார்த்தால் வேறு! ஸ்வர்ணாவுக்குப் பொன்பழுப்பு, சப்-1க்கு வைக்கோல் நிறம். உமி நிறத்துக்கான ஜீன் 9ஆம் குரோமோசோமில் சப்-1க்குப் பக்கத்து வீடு. கூடவே ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு.

அப்போ கண்ணே போதுமா? போதாது. அடுத்த கலப்பில் அந்த இரண்டும் பிரிந்தால் நிறம் ஒரு பக்கம், வெள்ளம் தாங்கும் குணம் ஒரு பக்கம். ஆனா இதே குறை, ஜீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற டிஎன்ஏ மார்க்கருக்கும் உண்டே. அதுவும் பக்கத்து வீட்டு சாட்சிதான். சப்1ஏ ஜீனுக்குள்ளேயே பார்க்கணும். அதிலும் ஜீன் இருக்கிறது என்பது போதாது, தாங்கும் வடிவமா தாங்காத வடிவமா என்று பார்க்கணும்.

காவிரி டெல்டாவில் சம்பாவுக்கு சிஆர் 1009 சப்-1 விதை வாங்குறவருக்கு இது ஏட்டுச் சமாச்சாரம் இல்லை. மூட்டையில் இருந்தது வெறும் சிஆர் 1009 என்றால், ஐப்பசி கார்த்திகை மழையில் வயல் மூழ்கிய பிறகுதான் அவருக்குத் தெரியும். ‘மரபணுச் சோதனை செய்த விதை’ என்று யாராவது சொன்னா, எந்த இடத்தில் பார்த்தீங்கன்னு நான் கேட்பேன்.