தினைப்புனமும் தேயிலை மலையும்

மலையும் மலை சார்ந்த நிலமும் குறிஞ்சி என்பது தமிழ் பயிலும் சிறுவரும் அறிந்த செய்தி. தினைப்புனம் காத்தல் அந்நிலத்துக்குரிய தொழில் என்பதையும் அவர்கள் மனப்பாடம் செய்கின்றனர். ஆயின், எவற்றிடமிருந்து காத்தல், காவாது விட்டால் யார் வயிறு காயும் என்னும் வினாக்கள் வகுப்பறையில் எழுவதில்லை. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கோ இவை வெறும் ஏட்டு வினாக்கள் அல்ல. இரவில் வீட்டுக் கொல்லையைக் கிளறிச் செல்லும் காட்டுப்பன்றி அவற்றை எழுப்பிவிட்டே போகின்றது.

பயிரழிக்கும் விலங்கைப் பற்றித் தமிழில் உள்ளது போன்ற பழஞ்செல்வம் பிறமொழிகளில் அரிது. ஐங்குறுநூற்றின் குறிஞ்சிப் பகுதியில் கபிலர் காட்டுப்பன்றிக்குக் கேழற்பத்தும், குரங்கிற்குக் குரக்குப்பத்தும், கிளிக்குக் கிள்ளைப்பத்தும் பாடினார். புனத்துக்குப் பகையான மூன்று உயிர்களுக்கு முப்பது பாடல்கள்! தினையை மேய்ந்த பன்றி பாறை அடுக்கில் தன் துணையோடு படுத்திருக்கும் காட்சி அவற்றுள் ஒன்று. அவருடைய குறிஞ்சிப்பாட்டில் தலைவி பரண்மீதேறித் தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளால் கிளி ஓட்டுகின்றாள். பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. நன்னனைக் காணச் செல்லும் கூத்தரிடம், பன்றி நுழையும் வழிதோறும் கற்பொறி வைத்திருப்பர், பரண்மேல் நின்று யானைமீது கவண்கல் எறிவர், பார்த்து நடந்து செல்லுங்கள் என்று அது எச்சரிக்கின்றது. மலையை நேரில் அறிந்தவரே இவ்வாறு பாட இயலும்.

விரட்டும் வழிகளுக்கு அப்பால், பகை கனிந்த ஒரு கணத்தையும் அம்மரபு கண்டது. அகநானூற்றின் 102ஆம் பாடலில், கணவன் கள்ளுண்டு களித்திருக்க, கொடிச்சி கூந்தலை உலர்த்தியவாறு குறிஞ்சிப்பண் பாடுகின்றாள். தினை மேய வந்த களிறு கதிரையும் கொள்ளாமல், நின்ற இடமும் பெயராமல் உறங்கிவிடுகின்றது. அவ்விலங்கைப் புலவர் பழிக்கவுமில்லை, போற்றவுமில்லை. உள்ளவாறு பார்த்தார்.

இத்துணைச் செல்வத்துக்கு உரிமையுடைய இனம் மீண்டும் ஒரு மலைக்குச் சென்று குடியேறியது. வில்லியம் கேமரன் 1885ஆம் ஆண்டில் நில அளவைக்குச் சென்றதால் அவர் பெயரைப் பெற்ற மலை அது. 1929ஆம் ஆண்டில் ஜே.ஏ. ரசல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காடு வெட்டியும், செடி நட்டும், கொழுந்து கிள்ளியும் அம்மலையைத் தேயிலை மலையாக்கிய கைகளுள் தமிழர் கைகள் முதன்மையானவை. காடு சுருங்கச் சுருங்க, காட்டுயிர் லயத்து வாசலுக்கு வந்தது இயல்பே.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. தேயிலைக் கொழுந்தைக் காட்டுப்பன்றி உண்பதில்லை. அது நாடி வருவது லயத்தின் பின்புறம் தொழிலாளி தன் ஓய்வுப் பொழுதில் நட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் சோளத்தையுமே. பகலில் வரும் குரங்கு காயையும் பிஞ்சையும் பறித்துப் பாதி கடித்து எறிகின்றது. முதலாளியின் பயிர் தப்ப, தொழிலாளியின் பயிர் அழிகின்றது. நிலமும் தோட்டத்துடையது, வீடும் தோட்டத்துடையது. அவனுடையது என்று சொல்லத்தக்கது அந்தச் சிறு கொல்லையில் விளைந்ததுதான். சப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசி கிட்டாமல் கிழங்கே உணவாயிருந்த நாள்களில் ஒரு கொல்லையின் அழிவு எத்தகைய பட்டினியாயிருந்திருக்கும் என்று எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

தோட்ட இலக்கியம் இதனை எவ்வாறு கண்டது? கங்காணியின் கொடுமை, கள்ளுக்கடை, சயாம் மரண ரயில், தோட்டத் துண்டாடல் ஆகியவற்றை மலேசியத் தமிழ்ப் படைப்பாளர் உளமுருக எழுதினர். அது பெரும்பணி, ஐயமில்லை. ஆனால் விலங்கு என்று வரும்போது அவர்கள் பேனா பெரும்பாலும் உவமையோடு நின்றுவிடுகின்றது. கொடிய துரை புலியாகின்றான். வஞ்சகக் கங்காணி பாம்பாகின்றான். காட்டுப்பன்றியோ பெரும்பாலும் சட்டியில் வெந்த நிலையில்தான் கதைக்குள் நுழைகின்றது. வேட்டையின் வீரமும் விருந்தின் மணமும் கிடைக்கின்றன. கிளறப்பட்ட பாத்தியின் முன் விடியற்காலையில் நிற்கும் தாயின் முகம் கிடைப்பதில்லை.

சொல்லும் இக்குறைக்குத் துணைபோயிற்று. அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ இரப்பர்த் தோட்டத்தையே காடு என்கின்றது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றி பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை, இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்றே தமிழாக்கினார். தோட்டத் தமிழிலும் வெளிக்காட்டு வேலை என்பது தோட்டத்து வேலையே. வேலைத் தலமே காடாகிவிட்டபின், அதற்கப்பால் நிற்கும் மெய்க்காடு பார்வையிலிருந்து நழுவியதில் வியப்பில்லை.

சங்கப் புலவரையும் குறையற்றவர் என்று கொண்டாடுதல் திறனாய்வு ஆகாது. அவர்களிடத்தில் புனங்காவல் பெரிதும் காதலுக்குக் களம். தினை கொய்தபின் தலைவி இற்செறிக்கப்படுவாளே, காதலர் பிரிவரே என்பதே கவலை. களிறு மிதித்த புனத்தின் குடும்பம் அவ்வாண்டு எதை உண்டது என்பது ஓரமாய்த் தங்கிவிடுகின்றது. அவர்களுடைய கூர்ந்த பார்வையோடு, அவர்கள் பாடாது விட்ட பசியையும் சேர்த்து எழுதுவதே இன்றைய எழுத்தாளனுக்குரிய கடமை.

அவ்வாறு எழுதுங்கால் விலங்கின் வழக்கையும் கேட்டல் வேண்டும். தகர டப்பாவைக் கயிற்றில் கட்டி ஒலிக்கச் செய்வது இன்றைய தட்டை. நாய் வளர்ப்பதும் வேலி கட்டுவதும் பழைய காவலின் தொடர்ச்சி. ஆனால் எண்ணியவுடன் சுட்டுவிட இயலாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதனிடத்தில் வந்த 2010ஆம் ஆண்டின் சட்டமும் வேட்டைக்கு உரிமம் வேண்டும் என்கின்றன. தமிழகத்தின் வால்பாறையில் 2011 முதல் செல்பேசிச் செய்தியும் சிவப்பு விளக்கும் யானையின் நடமாட்டத்தைத் தோட்டத் தொழிலாளர்க்கு முன்னறிவிக்கின்றன. அங்கே மோதலைத் தவிர்ப்பதே நோக்கம். கூத்தரை எச்சரித்த மலைபடுகடாத்தின் குரல் அவ்விளக்கில் மீண்டும் கேட்கின்றது எனலாம்.

தோட்ட வாழ்வு வேகமாக மறைந்துவருகின்றது. தேயிலை மலைகளில் பிறந்தோர் பலர் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். கிழங்குப் பாத்தியைக் காத்துக் கண்விழித்த பாட்டிமார் இருக்கும்போதே, பன்றி எவ்வழி வந்தது, எந்த மாதத்தில் வந்தது, எதனால் விரட்டினர், விரட்ட முடியாத ஆண்டில் எதை உண்டனர் என்பவற்றைக் கேட்டு எழுதுதல் வேண்டும். கபிலர் முப்பது பாடல் தந்த உயிர்களுக்கு மலேசியத் தமிழ்ச் சிறுகதை மூன்று நல்ல கதைகளேனும் தரட்டும். தேயிலை மலையின் குறிஞ்சித்திணை அன்றுதான் உண்மையாகத் தொடங்கும்.