கொம்பும் காலும்

கீழ்வேளூரில் உட்கார்ந்து கைப்பேசியில் ‘கொள்ளிடம்’ என்று தட்டுகிறேன். முதல் எழுத்தைப் பாருங்கள். ககரத்துக்கு இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் கால். யூனிகோடு எனப்படும் ஒருங்குறியோ ககரத்தை முதலில் வைத்து, ஒகரக் குறியை அதன் பின்னால்தான் சேமிக்கிறது. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது எழுத்துருவும் இயங்குதளமும் சேர்ந்து செய்யும் வேலை. அது பிசகினால் சொல்லே உடைந்துவிடும்.

2000-களின் தொடக்கத்தில் பல கணினிகளில் தமிழ் எழுத்துருவே இருக்காது; தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். எழுத்துருவைத் தேடி இறக்கி நிறுவத் தெரிந்தவர்களுக்கே தமிழ் கிடைத்தது. அந்தத் தடையை உடைத்தவர்களில் எனக்கு மிகப் பிடித்தவர், நம் டெல்டாக் கடற்கரையிலேயே அதிராம்பட்டினத்தில் பிறந்த உமர் தம்பி. துபாயில் வேலை பார்த்து ஊர் திரும்பியவர். அவர் செய்த ‘தேனீ’ இயங்கு எழுத்துரு பக்கத்தோடு தானே வந்து இறங்கும். படிப்பவர் எதையும் நிறுவ வேண்டாம். என்ன அருமையான யோசனை! அதை இலவசமாகவே கொடுத்தார். ஒருங்குறி என்றால் என்னவென்று எளிய தமிழில் எழுதியும் புரியவைத்தார். அந்த வகையில் அவரை நேரில் பார்க்காதவர்களுக்கும் அவர் வாத்தியார்தான்.

2006 ஜூலை 12 அன்று அவர் காலமானார். வயது 53.